கோச் பேசப் போன இடமெல்லாம் நான் கார் ஓட்டினேன்

நாலு வருஷம் முன்னாடி ஒரு மார்ச் மாசம், என் பொண்ணோட பேஸ்கெட்பால் கோச்சுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப்போச்சு, இனிமே ராத்திரில வண்டி ஓட்டாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆபரேஷனுக்கு ஜூன்லதான் தேதி கிடைச்சுது. பகல்ல பிரச்சனை இல்ல, இருட்டினா எதிர்ல வர்ற ஹெட்லைட் எல்லாம் பூ விரிஞ்ச மாதிரி தெரியுதுன்னு சொன்னார். ஆனா அதுக்கு முன்னாடியே அவர் 11 இடத்துல வந்து பேசறேன்னு வாக்கு குடுத்திருந்தார், எல்லாமே சாயங்காலம் 6 மணிக்கு மேல, எல்லாமே ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கற சின்ன ஊருங்க. பாதிப் பேருக்கு போன் பண்ணி வரலைன்னு சொல்லிடலாமான்னு யோசிச்சிட்டிருந்தவர்கிட்ட, நான் ஓட்டறேன் கோச்னு சொன்னேன். என் பொண்ணுக்கு அவர் செஞ்சதுக்கு என்னால திருப்பிச் செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான். அந்த 11 சாயங்காலத்துல பார்த்ததைத்தான் இங்க எழுதறேன், ஸ்கூல் விழாவோ சங்க விழாவோ, யாராவது உங்களை மேடையில பேசக் கூப்பிட்டா உதவும்.

நாங்க இருக்கறது வட கரோலினால கேரிங்கற ஊர், தலைநகர் ராலேக்கு ஒட்டினாப்ல. இந்தப் பக்கம் பேஸ்கெட்பால்னா நம்ம ஊர் கிரிக்கெட் மாதிரி. டியூக், நார்த் கரோலினா யுனிவர்சிட்டி, என்.சி. ஸ்டேட்னு மூணு பெரிய காலேஜ் டீமும் அரை மணி நேர ட்ரைவுக்குள்ள இருக்கு, ஒரே வீட்டுக்குள்ள அப்பா ஒரு டீம் அம்மா ஒரு டீம்னு பிரிஞ்சு உக்காந்து மேட்ச் பார்ப்பாங்க. ஹைஸ்கூல் சீசன் நவம்பர்ல ஆரம்பிச்சு மார்ச் நடுவுல மாநில ஃபைனலோட முடியும். முடிஞ்ச கையோட ஒவ்வொரு ஸ்கூலும், சர்ச் லீகும், ஊர் கிளப்பும் தன் டீமுக்கு ஒரு விருந்து வைப்பாங்க, அதுக்குப் பேருதான் பேங்க்வெட். பேரைக் கேட்டு பெரிய ஹோட்டல் ஹால்னு நினைச்சுக்க வேண்டாம், முக்கால்வாசி ஸ்கூல் கேன்டீன்லயோ சர்ச் ஹால்லயோதான் நடக்கும். பூஸ்டர் கிளப்னு பெற்றோர் சங்கம் ஒண்ணு இருக்கும், சாப்பாடு, மேஜை விரிப்பு, கேடயம் எல்லாம் அவங்க பொறுப்பு. நம்ம ஆண்டு விழாவையும் கல்யாணப் பந்தியையும் ஒண்ணாச் சேர்த்த மாதிரி இருக்கும். வெளியிலருந்து ஒருத்தரைக் கூப்பிட்டுப் பேச வைக்கறது வழக்கம், அது அநேகமா இன்னொரு ஊர் கோச்சா இருப்பார், ஏன்னா மார்ச் முடிஞ்சா கோச்சுங்களுக்கு மேட்ச் கிடையாது, சாயங்காலம் காலியா இருக்கும், கையில கதையும் இருக்கும்.

எங்க கோச் 30 வருஷத்துக்கு மேல ஹிஸ்டரி வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர், ரிட்டயர் ஆன பிறகும் பொண்ணுங்க டீமை விடல. வெளியூர்ல அவர் ஜெயிச்ச மேட்ச் எத்தனைன்னு யாருக்கும் தெரியாது, ஆனா அவர் பேச்சை ஒரு தடவை கேட்டவங்க அடுத்த வருஷமும் கூப்பிடுவாங்க.

முதல்ல என்னை ஆச்சரியப்பட வெச்சது அவர் பேச்சு இல்ல, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவர் பண்ற போன். மொதல் ட்ரிப் கோல்ட்ஸ்பரோ பக்கம், நான் அவர் வீட்டுக்குப் போனப்ப கிச்சன் மேஜையில உக்காந்து அந்த ஊர் பூஸ்டர் கிளப் அம்மாகிட்ட பேசிட்டிருந்தார். எத்தனை பேர் வர்றாங்க, சாப்பாடு எத்தனை மணிக்கு, கேடயம் குடுக்கறது என் பேச்சுக்கு முன்னாடியா பின்னாடியா, சின்னக் குழந்தைங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னு கேட்டார், இதெல்லாம் யாரும் கேப்பாங்க. அதுக்கப்புறம் கேட்டதுதான் எனக்குப் புதுசு. இந்த சீசன்ல ரொம்பக் கம்மியா ஆட வாய்ப்பு கிடைச்ச பொண்ணு யாரு, பிராக்டிஸுக்கு ஒரு நாள் கூட வராம இருந்ததில்லைன்னா அது யாரு, பஸ் ஓட்டறது யாரு, ஜெர்சி துவைக்கறது யாரு, காலையில ஜிம்மைத் திறந்து விடறது யாரு. ஒவ்வொரு பேரையும் இண்டெக்ஸ் கார்டுல எழுதிக்கிட்டு, இதை எப்படிச் சொல்லணும்னு கேட்டு ரெண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கிட்டார். அரை மணி நேரம் ஆச்சு அந்தப் போனுக்கு. பேசப்போறது என்னவோ 15 நிமிஷம்.

கேடயம் குடுக்கறது பேச்சுக்கு அப்புறம்தான் இருக்கணும்னு மட்டும் அவர் கறாரா சொல்லிடுவார். கேடயம் கைக்கு வந்துட்டா பிள்ளைங்க கண்ணு அதுலயே இருக்கும், தாத்தா பாட்டி கிளம்பிடுவாங்க, மிச்சம் இருக்கறவங்க போட்டோ எடுத்துக்கிட்டு இருப்பாங்க, அதுக்கு மேல யார் பேசினாலும் காதுல ஏறாது. சாப்பிட்டு முடிச்சு இனிப்பு வந்து, பிள்ளைங்க கையில ஸ்பூன் இருக்கறப்ப எழுந்து ஆரம்பிச்சுடணும்னு சொல்வார். நம்ம ஊர்ல எத்தனை ஆண்டு விழாவுல பரிசளிப்பு முடிஞ்ச பிறகு சிறப்பு விருந்தினரைப் பேச விட்டு, பாவம் அவர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிட்டுப் போயிருக்கார்னு எனக்கு அப்ப ஞாபகம் வந்துச்சு.

கோல்ட்ஸ்பரோவுல நாங்க போய்ச் சேர்ந்தப்ப விருந்துக்கு இன்னும் 40 நிமிஷம் இருந்துச்சு. கேன்டீன் காலியா இருந்துச்சு. கோச் நேரா மைக்குகிட்ட போகாம, கடைசி மேஜைக்குப் போய் ஒரு நாற்காலியில உக்காந்தார், என்னை முன்னாடி போய் ஏதாவது பேசச் சொன்னார். நான் தமிழ்ல ஒண்ணு ரெண்டு மூணு சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிட்டு காதைச் சாய்ச்சு ஏதோ கேட்டார், எழுந்து போய் சுவர் ஓரமா இருந்த பால் வைக்கற ஃபிரிட்ஜ் மேல கையை வெச்சார். அதோட மோட்டார் சத்தம்தான், ஊம்னு ஒரே சீரா, நாம உள்ள வந்து ரெண்டு நிமிஷத்துல காது பழகிப்போய் கேக்காது, ஆனா பேச்சு அதுக்குள்ள அமுங்கிப்போகும். அங்க இருந்த அம்மாவைக் கேட்டு பாலை எல்லாம் சமையல் ரூம் ஃபிரிட்ஜுக்கு மாத்தி, நாங்க மூணு பேரும் ட்ரே ட்ரேயா தூக்கிட்டுப் போய் வெச்சோம், அப்புறம் பிளக்கைப் பிடுங்கினார். அந்த அமைதி எப்படி இருந்துச்சுன்னு இப்பவும் எனக்குச் சொல்ல முடியும். மைக் செட்டை டெஸ்ட் பண்றதோட நாம நிறுத்திக்கறோம், ஹாலை யாரும் டெஸ்ட் பண்றதில்ல.

சாப்பாட்டைப் பத்தி ஒண்ணு. கிழக்குப் பக்கம் ஊர்களுக்குப் போனா முழுப் பன்னியை விறகுத் தணல்ல மெதுவா வாட்டி, பிய்ச்சு, வினிகரும் மிளகாயும் ஊத்தின பார்பெக்யூ, மேற்க லெக்சிங்டன் பக்கம் போனா தோள் கறியும் கொஞ்சம் தக்காளி சேர்ந்த சாஸும், எங்க போனாலும் சர்க்கரை கரைச்ச ஐஸ் டீ. நான் பன்னி சாப்பிடறதில்ல, அதனால பீன்ஸை அள்ளிப் போட்டுக்கிட்டேன், அதுக்குள்ளயும் பன்னித் துண்டு கிடந்துச்சு, அமெரிக்காவோட தென்பகுதில பீன்ஸை அப்படித்தான் வேக வைப்பாங்க, சைவம் சாப்பிடறவங்க கேட்டுட்டு எடுங்க. கோச் பேசறதுக்கு முன்னாடி எதையும் தொடமாட்டார், தண்ணி மட்டும். ஒரு தட்டைப் போட்டு மூடி வெச்சிருப்பாங்க, எல்லாம் முடிஞ்ச பிறகு ஆறிப்போனதை உக்காந்து சாப்பிடுவார். மத்தவங்க சாப்பிடற நேரத்துல அவர் மேஜை மேஜையா போய் உக்காந்து பேசிட்டிருப்பார், கார்டுல எழுதின பேருக்கெல்லாம் முகம் சேர்த்துக்கறது அப்பதான்.

அவர் பேச்சு எப்படி ஆரம்பிக்கும்னா, நன்றியில ஆரம்பிக்காது. அழைச்சவங்களுக்கு, தலைமை ஆசிரியருக்குன்னு வரிசை கிடையாது. எழுந்து, வாட்சைக் கழட்டி முன்னாடி வெச்சுட்டு, ஒரு நொடி எல்லாரையும் பார்த்துட்டு, நேரா கதை. ஹைஸ்கூல் கடைசி வருஷம், கடைசி மேட்ச், ரெண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காம வளையத்துக்குள்ள பந்து போடற வாய்ப்பு, கையில இருந்துச்சு, ரெண்டையும் விட்டுட்டார், டீம் ஒரு பாயிண்ட்ல தோத்துச்சு. ராத்திரி முழுக்கத் தூங்காம மறுநாள் விடியக்காலையில ஸ்கூல் ஜிம்முக்குப் போயிருக்கார், பூட்டி இருந்துச்சு, படியில உக்காந்துட்டார். சுத்தம் பண்ற பெரியவர் வந்தவர் இவரைப் பார்த்தார், ஒண்ணும் கேக்கல, கதவைத் திறந்து விட்டு லைட் போட்டார். இவர் ஃப்ரீ த்ரோ லைன்ல நின்னு போட ஆரம்பிக்கவும், அந்தப் பெரியவர் துடைப்பத்தைச் சுவத்துல சாத்தி வெச்சுட்டு வளையத்துக்குக் கீழ வந்து நின்னு ஒவ்வொரு பந்தையும் பிடிச்சு இவர் கைக்குத் திருப்பிப் போட்டார். 200 பந்து. முடிஞ்சதும் துடைப்பத்தை எடுத்துக்கிட்டு தன் வேலையைப் பார்க்கப் போயிட்டார். இதைச் சொல்லி நிறுத்திட்டு கோச் கேப்பார், உங்க ஸ்கூல்ல கதவைத் திறந்து விடறவர் பேர் உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு. ஹால் நிசப்தமா இருக்கும். அப்புறம் கோச்சே அந்தப் பேரைச் சொல்வார். கோல்ட்ஸ்பரோவுல அந்த மனுஷன் கடைசியில கதவுகிட்ட, குப்பைப் பை கையில வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தார், தன் பேரைக் கேட்டதும் பையைக் கீழ வைக்கவும் தோணாம தூக்கிப் பிடிக்கவும் தோணாம நின்னார், பொண்ணுங்க எல்லாம் எழுந்து திரும்பி அவரைப் பார்த்துக் கை தட்டினாங்க. அப்புறம் பஸ் ஓட்டறவர், ஜெர்சி துவைக்கற அம்மா, ஒரு பிராக்டிஸ் கூட விடாத பொண்ணு. கதை ஒண்ணுதான், 11 ஊர்லயும் அதே கதைதான் சொன்னார், ஆனா ஒவ்வொரு ஊர்லயும் அது அந்த ஊர்க் கதையா மாறினதை நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன்.

15 நிமிஷம் ஆனா வாக்கியத்தை முடிச்சு உக்காந்துடுவார். நாளைக்கு பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்குன்னு சொல்வார்.

இந்த மாதிரி பேச எங்க கத்துக்கிட்டீங்கன்னு ஒரு நாள் கார்ல கேட்டேன். தப்பாப் பேசித்தான்னு சொல்லிட்டு வால்வானோ கதையைச் சொன்னார். ஜிம் வால்வானோ 80கள்ல என்.சி. ஸ்டேட் கோச்சா இருந்தவர், ராலேல இன்னைக்கும் வயசானவங்க அந்தப் பேரைச் சொன்னா முகம் மலரும். 1983ல 10 மேட்ச் தோத்திருந்த அவர் டீம், பின்னாடி பெரிய ஸ்டார் ஆன ஹகீம் ஒலாஜுவானும் கிளைட் ட்ரெக்ஸ்லரும் ஆடின ஹூஸ்டன் டீமை ஏப்ரல் 4ம் தேதி ஆல்புகர்க்கில 54-52ன்னு ஜெயிச்சு தேசிய சாம்பியன் ஆச்சு. கடைசி நொடியில அவர் டீம்ல டெரிக் விட்டன்பர்க் ரொம்ப தூரத்துலருந்து எறிஞ்ச பந்து வளையத்துக்கு முன்னாடியே இறங்கிடுச்சு, லொரென்சோ சார்ல்ஸ் எகிறி அதைக் காத்துலயே பிடிச்சு உள்ள அமுக்கினார். வால்வானோ யாரையாவது கட்டிப்பிடிக்கணும்னு கோர்ட்ல அங்கயும் இங்கயும் ஓடின காட்சி டிவியில திரும்பத் திரும்ப வரும். அதுக்கப்புறம் நாடு முழுக்க அவரைப் பேசக் கூப்பிட்டாங்க, சிரிக்க வெப்பார், அடுத்த நிமிஷம் அழ வெச்சுடுவார்.

அவர் அப்பாவும் ஒரு ஹைஸ்கூல் கோச். நான் ஒரு நாள் தேசிய சாம்பியன் ஆவேன்னு மகன் சொன்னப்ப, அப்பா ரூம் மூலையில இருந்த பெட்டியைக் காட்டி, நீ ஆடற அன்னைக்கு நான் வருவேன், பெட்டி கட்டி ரெடியா வெச்சிருக்கேன்னு சொன்னாராம். இதை வால்வானோ மேடைகள்ல சொல்வார். எங்க கோச் வாலிப வயசுல கோச்சுங்களுக்கான ஒரு பயிற்சி முகாம்ல அவர் பேச்சை நேர்ல கேட்டுட்டு, அதே வேகம், அதே கை வீச்சு, அதே இடத்துல நிறுத்தறதுன்னு எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு, ஒரு சர்ச் ஹால்ல போய் அந்தப் பெட்டிக் கதை மாதிரியே ஒண்ணைத் தன் அப்பா சொன்னதா வெச்சுப் பேசினாராம். ஜனங்க மரியாதையா கேட்டாங்க. வெளிய வர்றப்ப ஒரு பெரியவர் தோள்ல கை வெச்சு, தம்பி, இது வால்வானோவோட அப்பா சொன்னது, உன் அப்பா என்ன சொன்னார்னு அடுத்த தடவை சொல்லுன்னு சொன்னாராம். அன்னைக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சப்பதான் அந்தத் துடைப்பக்காரப் பெரியவர் ஞாபகம் வந்திருக்கார்.

இதுல என்னன்னா, வால்வானோவும் அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கார். 21 வயசுல ரட்கர்ஸ் காலேஜ்ல முதல் வருஷப் பசங்களுக்கு கோச் ஆனப்ப, கிரீன் பே பேக்கர்ஸ்ங்கற அமெரிக்க ஃபுட்பால் டீமோட கோச் வின்ஸ் லொம்பார்டி தன் டீமுக்குப் பேசின பேச்சை மனப்பாடம் பண்ணிட்டுப் போனார். குடும்பம், மதம், கிரீன் பே பேக்கர்ஸ், இந்த மூணு மேல மட்டும் மனசை வையுங்கன்னு லொம்பார்டி தன் டீம்கிட்ட சொன்னது. வால்வானோ ரட்கர்ஸ் பசங்க முன்னாடி நின்னு, குடும்பம், மதம், கிரீன் பே பேக்கர்ஸ்னு அப்படியே சொல்லிட்டார். இதை அவரே 1993 மார்ச் 4ம் தேதி நியூயார்க்ல ஒரு விருது விழா மேடையில சொன்னார், அப்ப அவருக்கு புற்றுநோய் உடம்பு முழுக்கப் பரவியிருந்துச்சு, மேடைப் படி ஏறவே கை பிடிச்சு உதவ வேண்டியிருந்துச்சு. 30 செகண்ட்தான் இருக்குன்னு திரையில மின்னினப்ப, உடம்பு முழுக்க கட்டி இருக்கறவன் அந்தத் திரையைப் பத்தியா கவலைப்படுவேன்னு கேட்டுட்டுத் தொடர்ந்து பேசினார். அந்த மேடையிலதான் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டற வி ஃபவுண்டேஷனை அறிவிச்சார், அதோட ஆபீஸ் எங்க கேரிலதான் இருக்கு. ஏப்ரல் 28ம் தேதி 47 வயசுல போயிட்டார். எல்லாப் பேச்சையும் 15 நிமிஷத்துல முடிக்கற எங்க கோச், அந்தப் பேச்சுக்கு மட்டும் வாட்ச் கூடாதுன்னு சொல்வார்.

ராலேல என்.சி. ஸ்டேட்டோட விளையாட்டு அரங்கமான ரெனால்ட்ஸ் கொலிசியத்துக்கு இப்ப ரெண்டு பேர் பேரும் இருக்கு. அரங்குக்கு வால்வானோ பேர், தரைக்கு கே யோ பேர். கே யோ அதே காலேஜ்ல 1975லருந்து 2009 வரைக்கும் பொண்ணுங்க டீமுக்கு கோச், 1988 சோல் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்கப் பெண்கள் தங்கம் வாங்கினப்ப அவங்கதான் கோச், அவங்களும் புற்றுநோயோட பல வருஷம் போராடிக்கிட்டே டீமை நடத்தினாங்க. கோச் பொண்ணுங்க முன்னாடி பேசறப்ப வால்வானோவை விட கே யோவைத்தான் அதிகம் சொல்வார். என் பொண்ணு ரூம்ல சுவத்துல அவங்க படம் இருக்கறது அதனாலதான்.

11ல ஒரு ராத்திரி கெட்டுப்போச்சு. ஊர் பேர் வேண்டாம். போன்ல பேசின ஒரு அப்பா, எங்க டீம்ல ஒரு பொண்ணு அவசரத்துல சொந்தக் கூடையிலயே பந்தைப் போட்டுட்டா, எல்லாரும் சிரிச்சோம், அதைச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்கார். கோச் அதை நல்ல மனசோட, தப்பு பண்ணினாலும் அடுத்த நிமிஷம் திரும்பி ஓடி வந்து டிஃபென்ஸ் ஆடினா பாருங்கன்னு பாராட்டாத்தான் சொன்னார். ஹால் சிரிச்சுது. நான் அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மேஜை தள்ளி உக்காந்திருந்தேன். அவ தலையைக் குனிஞ்சு தட்டுல இருந்த கேக்கை முள்கரண்டியால தூள் தூளா நசுக்கிட்டே இருந்தா, அப்புறம் எழுந்து பாத்ரூம் பக்கம் போயிட்டா, கோச் பாராட்டின பகுதி வர்றப்ப அவ ஹால்லயே இல்ல. கோச் பார்த்துட்டார். அன்னைக்கு 9 நிமிஷத்துல முடிச்சுட்டார். வெளிய வராண்டாவுல அந்தப் பொண்ணும் அவ அம்மாவும் வர்ற வரைக்கும் நின்னு, உன்னைக் கேக்காம உன் கதையை நான் எடுத்தது தப்பு, என்னை மன்னிச்சுடும்மான்னு கேட்டார். அந்தப் பொண்ணு தலையாட்டினா, அவ்வளவுதான். திரும்பி வர்ற வழியில 40 மைல் அவர் ஒண்ணுமே பேசல, வண்டில ரேடியோ கூடப் போட விடல, வீட்டுக்கிட்ட வந்தப்ப உள்ளே லைட்டைப் போடச் சொல்லி கார்டு ஒண்ணை எடுத்து எழுதினார். பிள்ளையோட கதையை பிள்ளை வாயாலதான் வாங்கணும், பெத்தவங்க வாயால வாங்கக்கூடாது. 67 வயசுல, இத்தனை வருஷம் பேசின பிறகு, புதுசா ஒரு கார்டு. எனக்கு அவர் மேல இருந்த மரியாதை அன்னைக்குத்தான் ரொம்பக் கூடிப்போச்சு.

பணம் பத்தி நிறையப் பேர் கேப்பாங்க. பெரிய காலேஜ் கோச்சுங்களுக்கு இதுல நல்ல காசு உண்டு, ஹைஸ்கூல் கோச்சுக்கு பெட்ரோலுக்கு ஒரு செக், அவ்வளவுதான். அதையும் சேர்த்து வெச்சு சீசன் ஆரம்பத்துல ஷூ வாங்க முடியாத பொண்ணுங்களுக்கு, யாருக்கும் தெரியாம, ஷூவா மாத்திடுவார். ஜான்ஸ்டன் கவுண்டில ஒரு கிளப்ல செக்குக்குப் பதிலா ஒரு பெட்டி சர்க்கரைவள்ளிக் கிழங்கு குடுத்தாங்க, அமெரிக்காவுல அதிகமா இந்தக் கிழங்கு விளையறது இந்த மாநிலத்துலதான். பாதியை என்கிட்ட குடுத்துட்டார், என் வீட்டம்மா ரெண்டு வாரத்துக்கு பொரியல், சாம்பார், அடைன்னு எல்லாத்துலயும் அதைப் போட்டாங்க.

முடிஞ்ச உடனே கிளம்பறதும் கிடையாது. நாற்காலி மடிச்சு அடுக்கற வரைக்கும் இருப்பார், அவரும் அடுக்குவார். அந்த நேரத்துலதான் யாராவது ஒரு பொண்ணு தயங்கித் தயங்கி வந்து பக்கத்துல ஒரு நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டே, அடுத்த வருஷம் நான் டீம்ல இருக்கணுமா விட்டுடலாமான்னு தெரியலன்னு ஆரம்பிப்பா. மேடைக்குக் கீழ நின்னு கேக்க முடியாத கேள்வி, கையில வேலை இருந்தா கேக்க வருது. அதனால சொல்றேன், பேசிட்டு மாலையோட காருக்குப் போயிடாதீங்க, பாதிப் பேச்சு அதுக்கப்புறம்தான் இருக்கு.

அந்த மே மாசமே எங்க தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுல என்னைப் பேசச் சொன்னாங்க. நான் கோச்கிட்ட இருந்து எல்லாம் கத்துக்கிட்டதா நினைச்சு, வாட்சைக் கழட்டி முன்னாடி வெச்சு, ஒரு நொடி எல்லாரையும் பார்த்துட்டு, துடைப்பக்காரப் பெரியவர் கதையைத் தமிழ்ல சொன்னேன். பிள்ளைங்களுக்குப் பாதி வார்த்தை புரியல, பெரியவங்களுக்கு அது யாரோ ஒரு அமெரிக்கக்காரர் கதை. 22 நிமிஷம் ஆயிடுச்சு. கிழக்குலருந்து மேற்க வரைக்கும் அவரை ஓட்டிட்டுப் போன நானே அவர் கதையை எடுத்துக்கிட்டேன், அவர் பண்ணின போனைப் பண்ணல. வீட்டுக்கு வந்து கோச்கிட்ட சொன்னப்ப அவர் கேட்டது ஒரே கேள்வி, அங்க கதவைத் திறந்து விடறவர் பேர் என்ன. எனக்குத் தெரியல.

அடுத்த வருஷம் திரும்பவும் வாய்ப்பு குடுத்தாங்க, அது அவங்க பெருந்தன்மை. ரெண்டு வாரம் முன்னாடியே ஆசிரியைங்க ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணினேன். ஒரு அண்ணா ஆறு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எல்லாருக்கும் முன்னாடி வந்து மேஜையைப் போட்டுட்டு, எல்லாரும் போன பிறகு ஒயரைச் சுத்தி வெச்சுட்டுப் போறார், அவர் பிள்ளைங்க ரெண்டும் காலேஜுக்கே போயாச்சு, இன்னும் வர்றார்னு ஒரு அக்கா சொன்னாங்க. மூணாம் நிலையில ரெண்டு வருஷம் இருந்த ஒரு பையனைப் பத்தியும் சொன்னாங்க, அதை நான் எடுத்துக்கல, அவன் வீட்டுக்கே போய் அவன்கிட்ட கேட்டேன், இந்த வருஷம் உனக்கு எது சந்தோஷமா இருந்துச்சு, அதை மேடையில சொல்லட்டுமான்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, ல ள ழ மூணும் எனக்கு இப்ப தனித்தனியா வருது மாமா, அதைச் சொல்லுங்கன்னான். வரவேற்புரைக்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லி அவர்களே அவர்களேங்கற வரிசையை அவரே முடிக்கச் சொல்லிட்டேன், எழுந்ததும் அந்த அண்ணா பேரைச் சொன்னேன், அப்புறம் அந்தப் பையன் பேரைச் சொல்லி அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். 11 நிமிஷம். அவன் உக்காந்த இடத்துலருந்தே ல, ள, ழன்னு சத்தமா சொல்லிக் காட்டினான், பக்கத்துல இருந்த பிள்ளைங்க எல்லாம் கூடவே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

போன வருஷம் என் பொண்ணு 12வது முடிச்சா, எங்க டீமோட பேங்க்வெட். வெளியிலருந்து யாரையும் கூப்பிடல, கடைசி வருஷப் பொண்ணுங்களைப் பத்தி கோச்சே பேசறதா ஏற்பாடு. எங்க அம்மா தஞ்சாவூர்லருந்து வந்திருந்தாங்க. என் பொண்ணு பேர்ல நடுவுல ஒரு ழ இருக்கு, நாலு வருஷமா டீம்ல எல்லாரும் அதைச் சுருக்கி ரெண்டெழுத்துல கூப்பிட்டுட்டிருந்தாங்க. ரெண்டு நாள் முன்னாடி கோச்கிட்ட இருந்து போன், முழுப் பேரைச் சொல்லுன்னார். சொன்னேன். அவருக்கு ல வந்துச்சு, திரும்பச் சொன்னேன், ய வந்துச்சு. அப்பதான் எனக்குத் தோணிச்சு, கோச் நீங்க கார்ங்கறதைச் சொல்லுங்க, கடைசியில நாக்கு மேல மடங்கி எங்கயும் தொடாம நிக்குதா, அதை அப்படியே பிடிச்சு நிறுத்துங்கன்னேன். ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணாவது தடவை வந்துடுச்சு, சுத்தமான ழ. எங்க சொந்தத்துல பாதிப் பேருக்கு அப்படி வராது.

கேன்டீன்ல அன்னைக்கு 90 பேர் இருந்திருப்பாங்க. கோச் ஒவ்வொரு பொண்ணாப் பேசி, கடைசியா கண்ணாடியை மாட்டி கார்டைப் பார்த்துட்டு, கண்ணாடியைக் கழட்டிட்டு, என் பொண்ணோட முழுப் பேரைச் சொன்னார். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அந்த 15 நிமிஷத்துல அவங்களுக்குப் புரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான், அது அவங்க மாமியார் பேரு, அவங்களே பேத்திக்கு வெக்கச் சொன்னது. நிமிர்ந்து உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

நாற்காலி அடுக்கறப்ப அம்மா கோச்கிட்ட போய் அந்தக் கார்டைக் காட்டி வேணும்னு சைகை பண்ணினாங்க, அவர் குடுத்துட்டார். பேரை எழுதி, நடுவுல ஆர்னு ஒரு எழுத்தைப் போட்டு, அதைச் சுத்தி பென்சிலால மூணு தடவை வட்டம் போட்டிருந்தார். இப்ப அது தஞ்சாவூர்ல, அம்மா ரேஷன் கார்டு வெச்சிருக்கற பிளாஸ்டிக் கவர்ல இருக்கு.